சுலோசனா எழுந்து நின்ற நாள்

பேப்பரில் படம் வந்த அன்று காலையில் ஆந்திர எல்லை ஊரான நகரியில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் செங்கல்வராயன் அதைக் காட்டிவிட்டார். தெலுங்கு தினசரியின் உள்ளூர்ப் பக்கம், கீழ் மூலை, தீப்பெட்டி அளவுக்கு அவர் மகள் சுலோசனாவின் முகம். செம்மர வழக்குகளை ஆராய்ச்சி செய்யும் திருப்பதி விரிவுரையாளருக்குப் பெங்களூர் பயிலரங்கில் இடம் கிடைத்திருக்கிறது என்று கொஞ்சம் செய்தி. இடம் கிடைத்ததில் அவளுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தன் முகத்துக்குப் பக்கத்திலேயே 'செம்மரம்' என்ற சொல் அச்சாகியிருந்ததைப் பார்த்ததும், கடத்தல்காரர்களும் பேப்பர் படிப்பார்களே என்று நினைத்தாள்.

அவள் திருப்பதிக்கு வெளியே ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். வகுப்பு இல்லாத நாட்களில் கோர்ட்டுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவாள். சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகப் பிடிபடுகிறவர்களில் பலர் தமிழ்நாட்டு மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்குக் கூட்டி வரப்பட்டவர்கள். அவர்களுக்குத் தெலுங்கு தெரியாது. வழக்கோ தெலுங்கில் நடக்கும். எந்த இடத்தில் அவர்களுக்குப் புரியாமல் போகிறது, அதனால் என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்குமாக வளர்ந்த எல்லைப்புறத்துப் பெண்ணுக்கு அது தானாக வந்து மாட்டிய தலைப்பு.

அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் சுரேஷ்பாபு முதல் நாளே ஒன்றைச் சொல்லியிருந்தார். நீ பார்க்கப் போகிறவள், வழக்கில் தலையிடப் போகிறவள் அல்ல. தலையிட்டால் அது ஆராய்ச்சி ஆகாது. அவர்தான் சட்டத்தையும் சமூகத்தையும் சேர்த்து ஆராய்கிறவர்களுக்காக மாதாமாதம் மெயிலில் வரும் செய்தி மடலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டார். எந்த ஊரில் கருத்தரங்கு, யார் கட்டுரை கேட்கிறார்கள், எங்கே ஆய்வு உதவித்தொகை என்று அதில் வரும். வீடு இருக்கும் ரேணிகுண்டாவிலிருந்து காலேஜுக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே படிப்பாள். சில முறை எழுதிப் போட்டு ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை பெங்களூரிலிருந்து வரச் சொன்னார்கள். காலேஜ் வாட்ஸப் குழுவில் யாரோ அதைப் போட, அங்கிருந்து பேப்பருக்குப் போய்விட்டது.

அந்த வாரமே போன் வந்தது. வகுப்பு முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பர். பேசியவன் தமிழில் பேசினான், வேலூர்ப் பக்கத்துத் தமிழ். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"பேப்பர்ல பாத்தேம்மா. நல்லாக்கீது. கோர்ட்ல அந்தத் தங்கவேலு கேஸ்ல இன்னா பாத்துக்கினு இருக்கீங்க?"

பொதுவாகத்தான் பார்க்கிறேன் என்றாள். செம்மர வழக்கில் பிடிபட்ட கூலியாள் தங்கவேலுவின் பெயரை அவள் எங்கும் எழுதியதில்லை. அவனிடம் பேசியதும் இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் உட்கார்ந்தது மட்டும்தான்.

"பொதுவாவே பாருங்கம்மா. ரேணிகுண்டா பஸ்ல கூட்டம் ஜாஸ்தி. பாத்துப் போங்க."

போனை வைத்துவிட்டான். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாணவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் பின்னால் யார் மூச்சு விட்டாலும் திரும்பிப் பார்த்தாள். ஹெல்மெட் போட்ட ஒருவன் பஸ் ஸ்டாப்பில் பைக்கை நிறுத்திவிட்டு, அவள் ஏறிய பிறகுதான் வண்டியைக் கிளப்பினான். மறுநாளும் ஒருவன் நின்றான். அவன்தானா, வேறு ஆளா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அப்படிச் சொல்ல முடியாததுதான் அதிகப் பயமாக இருந்தது. காய்கறிக்காரர் கேட்டைத் தட்டினாலும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

கணவன் ஸ்ரீஹரி ரேணிகுண்டாவில் லாரி பட்டறையில் வேலை செய்கிறவன். அவளைத் துருவிக் கேட்டுத்தான் விஷயத்தை வாங்கினான். கேட்டதும் போலீசுக்குப் போகலாம் என்றான். பிறகு, போய் என்னவென்று சொல்வது, பஸ்ஸில் பார்த்துப் போங்க என்று ஒருவன் சொன்னான் என்றா, என்று அவனே கேட்டான்.

"கோர்ட்டுக்குப் போவாத. பெங்களூருக்குப் போய்ட்டு வா, போதும். இதெல்லாம் நமக்கு வாணாம்."

பேராசிரியரும் ஏறக்குறைய அதையே சொன்னார். இருப்பதை வைத்து எழுதிவிடலாம் என்றார். அவள் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தினாள். ஆனால் கட்டுரையை எழுத உட்காரும்போதெல்லாம் தங்கவேலுதான் முன்னால் வந்து நின்றான். ஜவ்வாது மலைக்காரன், ஒல்லி, சட்டைக் காலர் கழுத்தில் நிற்காது. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். அவனுக்கு வந்த வக்கீலை அவன் வைக்கவில்லை. அவனைக் கூலிக்கு ஆள் பிடித்துக் கூட்டி வந்த மேஸ்திரி வைத்த வக்கீல். அவன் மேல் உள்ள குற்றச்சாட்டைப் படித்துச் சொல்லி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கும் நாள் நெருங்கியது. ஒப்புக்கொண்டால் வழக்கு அவனோடு முடிந்துவிடும். மேஸ்திரி யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. போனில் பேசியவன் மேஸ்திரிக்காகத்தான் பேசினான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஒரே ஒரு தடவை, சும்மா உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஸ்ரீஹரியிடம் சொன்னாள். அவன் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, பைக்கில் தானே கூட்டிக்கொண்டு போனான். கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிற்பதாகச் சொன்னான்.

உள்ளே கடைசி பெஞ்சில் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, "உக்காருங்கம்மா" என்று இடம் விட்டான். போனில் கேட்ட அதே குரல். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் தங்கவேலு பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உட்கார்ந்துவிட்டாள்.

குற்றச்சாட்டு தெலுங்கில் படிக்கப்பட்டது. மரம் வெட்டியது, கடத்தியது, தடுத்த வனக்காவலர்களைத் தாக்கியது. தங்கவேலு ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றான். அவனுக்குப் புரிந்ததா என்று நீதிபதி கேட்டார். நன்றாகப் புரிந்தது என்றார் வக்கீல். நீதிபதிக்கு அது போதவில்லை போலிருந்தது. அன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று அவர் கூடத்தைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்.

தமிழ் தெரிந்தவர்கள் அங்கே பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். எல்லோரும் கீழே பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்துவிட்ட வெள்ளைச் சட்டைக்காரன் அவளைப் பார்க்கவே இல்லை. தன் முழங்கையை மட்டும் அவள் முழங்கையோடு ஒட்டி வைத்தான். தலையிடக்கூடாது என்று பேராசிரியர் சொன்னது ஞாபகம் வந்தது. நல்ல சாக்குதான், உட்கார்ந்தே இருந்துவிடலாம். அப்போது தங்கவேலு திரும்பி, நீதிபதி யாரைத் தேடுகிறார் என்று தானும் தேடினான். அதுகூட அவனுக்குப் புரியவில்லை.

அவள் எழுந்தாள். தனக்குத் தமிழ் தெரியும் என்று தெலுங்கில் சொன்னாள். சரியாக மொழிபெயர்ப்பேன் என்று உறுதிமொழி வாங்கினார்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டாகத் தமிழில் சொன்னாள். வனக்காவலர்களை அடித்ததாகச் சொன்ன இடத்தில் தங்கவேலுவின் தலையாட்டல் நின்றது.

"ஐயோ, இல்லீங்க. நான் யாரையும் அடிக்கல. சோறாக்கணும்னு கூட்டியாந்தாங்க. ஓடுன்னாங்க, ஓடினேன்."

அப்படியானால் இவ்வளவு நேரம் ஏன் ஆமாம் என்று சொன்னாய் என்று நீதிபதி கேட்டதையும் அவளே தமிழில் கேட்டாள்.

"என் பேரைச் சொல்றாங்க, நான்தானான்னு கேக்குறாங்கன்னு நெனச்சேங்க."

அவள் அதைத் தெலுங்கில் சொன்னாள். தங்கவேலு குற்றத்தை மறுக்கிறான் என்று நீதிபதி பதிவு செய்தார். வக்கீலை மாற்றிக்கொள்ள விருப்பமா என்று கேட்டார். இருக்கிறது என்று தங்கவேலு சொல்ல, இலவசச் சட்ட உதவியில் வேறு ஒருவரை அமர்த்த உத்தரவானது.

வெளியே வராந்தாவில் வெள்ளைச் சட்டைக்காரன் தூணோரம் நின்றிருந்தான். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெங்களூர் எப்போ?" என்று மட்டும் கேட்டான். பதில் சொல்லாமல் நடந்தாள். வேப்பமரத்தடியைச் சேர்ந்ததும் ஸ்ரீஹரியின் தோளைப் பிடித்த கையை வீடு வரும்வரை எடுக்கவில்லை.

நடந்ததைக் கேட்ட பேராசிரியர், இனிமேல் நீ பார்க்கிறவள் மட்டும் அல்ல, கட்டுரையில் உன்னையும் சேர்த்து எழுது, ஒன்றையும் மறைக்காதே என்றார். போன் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் மனுவாக எழுத வைத்து, காவல் நிலையத்துக்குத் தானே கூட வந்தார். மனுவை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். காலேஜ் நிர்வாகம், இனிப் பேப்பரில் ஏதாவது வந்தால் எங்கள் பெயர் அதில் இருக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியது.

பெங்களூருக்கு ஸ்ரீஹரியும் கூட வந்தான். மேடையேறும்போதும் அவள் கண் கடைசி வரிசைக்குத்தான் போனது. அங்கே யாரோ ஒரு பெண் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள். சுலோசனா கட்டுரையை முழுவதும் படித்து முடித்தாள். பயமாக இல்லையா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது என்றாள். பிறகு தாள்களை அடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

தங்கவேலுவுக்குச் சில மாதம் கழித்து ஜாமீன் கிடைத்தது. மேஸ்திரியின் பெயரை அவன் புது வக்கீலிடம் சொன்னான் என்று கேள்வி. வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த நம்பரிலிருந்து பிறகு போன் வரவில்லை. ஆனாலும் சுலோசனா ஒரே பஸ்ஸில் தினமும் போவதில்லை. வாய்தா நாட்களில் காலையில் எதுவும் சாப்பிட முடிவதில்லை. வெறும் வயிற்றோடு போய் உட்காருகிறாள். நீதிபதி கேட்டால் எழுந்து நிற்க வசதியாக, இப்போது உட்காருவது முதல் பெஞ்சில். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அங்கிருந்து தெரியாது.