அரை அங்குல இடைவெளி

ஒன்பது வயதில் எனக்கு மூட்டுக்காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடம் போகாமல் ஏறக்குறைய ஒரு வருடம் வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். அப்போது அப்பா மெட்ராஸிலிருந்து ஒரு அட்டைப் பெட்டி வாங்கி வந்தார். பச்சையும் சிவப்பும் பூசிய இரும்புப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் வரிசையாகத் துளைகள், பித்தளைச் சக்கரங்கள், கப்பிகள், விரல் நீளத் திருப்புளி ஒன்று, ஒரு பொட்டலம் நட்டும் போல்ட்டும். தலையணையில் சாய்ந்துகொண்டே நான் பாலம் கட்டினேன், பாரந்தூக்கி கட்டினேன், நாலு சக்கர வண்டி கட்டினேன். மேளச் சத்தம் கேட்டு, பெருமாள் புறப்பாடு பார்க்கத் தெருப் பிள்ளைகள் ஓடுவார்கள். ஜன்னல் வழியாக ஒருமுறை சேவித்துவிட்டு நான் மறுபடியும் திருப்புளியைக் கையில் எடுப்பேன். தனியாகப் பொழுதைப் போக்க நான் கற்றது அந்த வருடத்தில்தான்.

அந்தப் பெட்டியைப் பற்றி மறுபடி நினைத்தபோது எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. தொண்ணூறுகளின் கடைசி. ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். டைப்ரைட்டரை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். பயிற்சிக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வரன் பார்ப்பதை எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தியிருந்தார்கள். சின்னக் காஞ்சிபுரத்தில் அந்த வீட்டில் நானும், காது மந்தமாகிவிட்ட அப்பாவும் மட்டும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கே உட்கார்ந்து, எதைத் தேடுவதென்று தெரியாமல், இரும்புப் பட்டைப் பொம்மைப் பெட்டிகளைப் பற்றித் தேடினேன். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அடுக்கடுக்காகப் பக்கங்கள் வந்தன. எந்த வருடம் எந்த நிறம், எந்தப் பெட்டியில் எத்தனை துண்டு, மூடியில் என்ன படம், எல்லாமே இருந்தது. நம் நாட்டில் செய்த பெட்டிகளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. மூடி தொலைந்துபோன என் பெட்டியைச் செய்தவர் யார் என்று எனக்கும் தெரியாது. அப்படி ஒன்று செய்யப்படவே இல்லை என்பது போல இருந்தது அந்த வெற்றுத் திரை. எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கோபத்தில்தான் ஆரம்பித்தேன்.

இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு தளத்தில் நான் போட்ட முதல் பக்கத்தில் என் பெட்டியின் படம் மட்டும் இருந்தது. போட்டோ ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து பிளாப்பியில் எடுத்துப் போய் ஏற்றினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போக ஆரம்பித்தேன். மெட்ராஸில் பழைய புத்தகக் கடைகளில் அறுபதுகளின் குழந்தைப் பத்திரிகைகளைப் புரட்டி விளம்பரங்களைத் தேடினேன். பழைய இரும்புக் கடைகளில் குவியலைக் கிளறினேன். ஒரு பெட்டி எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்கும் வழிகள் மெல்ல மெல்லப் பிடிபட்டன. விலை நயா பைசாவில் அச்சிட்டிருந்தால் ஒரு காலம். முகவரியில் பின்கோடு இருந்தால் வேறு காலம். பித்தளைப் போல்ட்டு போய் வெள்ளை முலாம் பூசிய போல்ட்டு வந்தால் இன்னொரு காலம்.

வாலாஜாபாத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையை மூடப் போகிறார்கள் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். போய்க் கேட்டேன். கடைக்காரர் பரண்மேல் ஏறி, தூசிக்கு நடுவிலிருந்து விற்காத பெட்டிகள் சிலவற்றை இறக்கிக் கொடுத்தார். மூடியோடு, படப் புத்தகத்தோடு, நூல் கூட அவிழ்க்காமல் இருந்தன.

"இத வேற யாரும்மா கேக்கப் போறாங்க. எடுத்துக்கினு போங்க," என்றார்.

பஸ்ஸில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் ஸ்வீட் பெட்டியா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அவற்றைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் அச்செடுத்து வைத்திருந்த பக்கங்களையும் பார்த்தார். "ஏம்மா, இதை யார் பாக்கப் போறா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காதருகில் குனிந்து, யாராவது பார்ப்பார்கள் என்று சத்தமாகச் சொன்னேன். அதை நானே முழுக்க நம்பவில்லை. பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று இருந்தது. அதில் முக்கால்வாசி நானே போய்ப் பார்த்தது.

வாலாஜாபாத் பெட்டிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் ஈமெயிலில் முதல் கடிதம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் என்ஜினீயராக இருந்தவர். ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, 'டியர் சார்' என்று ஆரம்பித்திருந்தார். நான் எழுதியதில் இரண்டு தவறுகளைக் காட்டி, தன்னிடம் இருக்கும் பெட்டிகளின் விவரத்தையும் கொடுத்திருந்தார். என் பக்கங்களின் அடியில் 'வெப்மாஸ்டர்' என்ற சொல் தானாகவே வந்து விழும். அதன் கீழே இரண்டு எழுத்து இனிஷியல் மட்டும் போட்டிருந்தேன். மாஸ்டர் என்றால் ஆண்தானே என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த முதல் பதிலிலேயே சொல்லியிருக்கலாம். அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. பிறகு சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. அதோடு, எனக்கு அது பிடித்தும் இருந்தது. தெருவில் நான் இன்னாருடைய பெண். அலுவலகத்தில் கல்யாணம் ஆகாத மேடம். அந்தக் கடிதங்களில் மட்டும் நான் பட்டையும் போல்ட்டும் தெரிந்த ஒரு ஆள், அவ்வளவுதான்.

வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று கடிதங்கள் வந்தன. அவர் அனுப்பிய விவரங்களை வைத்துப் பக்கங்கள் பெருகின. கம்பெனி வாரியாக, வருட வாரியாகப் பிரித்தோம். வீட்டுக்கே கம்ப்யூட்டரும் டெலிபோன் இணைப்பும் வந்த பிறகு, ஆபீஸிலிருந்து வந்து காபி கூடக் குடிக்காமல் முதலில் அதைத்தான் போடுவேன். இணைப்புக் கிடைக்கும்வரை அது போடும் கரகரச் சத்தம் அப்பாவுக்குக் கேட்காது. வீட்டில் அந்த நேரத்தில் கேட்கும் சத்தம் அது ஒன்றுதான்.

அப்பா ஒரு மார்கழியில் தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்து, பதில் தாமதமானதற்குக் காரணமாக ஒரே வரியில் அதை எழுதினேன். அதற்கு அவர் எழுதிய பதில்போல ஒன்றை வேறு யாரும் எனக்கு எழுதியதில்லை. தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தார். மில்லை மூடியபோது தன்னை வேலையிலிருந்து நிறுத்தியதையும், அன்று வீட்டுக்குப் போகாமல் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து அழுததையும் எழுதியிருந்தார். அதன் பிறகுதான் இந்தப் பெட்டிகளைச் சேர்க்க ஆரம்பித்தாராம். கடைசியில் வழக்கம் போல ஒரு பட்டையின் நீளத்தைப் பற்றிய சந்தேகம். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் பலமுறை படித்தேன்.

இதற்கிடையில் எங்களுக்குள் தீராத ஒரு விவாதம் இருந்தது. பட்டைகளில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையில் அரை அங்குலம் இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். மெட்ரிக் அளவு வந்த பிறகு சிலர் அதைப் பன்னிரண்டரை மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் நீளமான பட்டையில் கடைசித் துளைக்குப் போவதற்குள் அது வளர்ந்துவிடும்; வேறு கம்பெனிப் பட்டையோடு சேர்த்தால் போல்ட்டு நுழையாது. வாலாஜாபாத் பெட்டிகள் மெட்ரிக் என்று நான் சொன்னேன். அரை அங்குலம்தான் என்று அவர் சொன்னார். என் ஸ்கேலை அவர் நம்பவில்லை.

பிறகு ஒருநாள் அவரிடமிருந்து சந்தோஷமாக ஒரு கடிதம் வந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. குடும்பத்தோடு பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறார்கள். நல்ல கடையாக நீங்களே சொல்ல வேண்டும், அங்கேயே நாம் சந்திப்போம், வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள், துல்லியமாக அளக்க நான் வெர்னியர் அளவுகோல் கொண்டு வருகிறேன், அந்தப் பட்டையைக் கொண்டு வாருங்கள், அளந்து பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தார்.

பதிலில் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நாலைந்து விதமாக எழுதி அழித்தேன். எப்படி எழுதினாலும் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல வந்தது. நேரில் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடப் போகிறது, சிரித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கடையின் பெயரையும் வழியையும் மட்டும் எழுதி அனுப்பினேன்.

எனக்குத் தெரிந்த ஒரு நெசவுக் குடும்பத்தின் கடை அது. முன்கூடத்தில் வெள்ளை விரிப்பில் புடவைகள் மலையாகக் கிடந்தன. மணப்பெண்ணும் அவள் அம்மாவும் ஒவ்வொரு முந்தியாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே வரவில்லை. செருப்புகள் கிடந்த இடத்தில் நின்று, தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து வெர்னியரின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் முன்னால் போய், தளத்தின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னேன். நான் எந்த வீட்டிலிருந்து வருகிறேன் என்பது அவருக்குப் புரிந்தது. முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா, வாங்க. சார் வரலீங்களா?" என்றார்.

"நான்தாங்க அது," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. காது மடல்வரை சிவந்துவிட்டது. "அப்படீங்களா," என்று மட்டும் சொன்னார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி எழுந்து வந்தார். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாதான் வாய்விட்டுச் சிரித்து, என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அரக்கா மாம்பழ நிறமா என்று என்னைக் கேட்டார். ஜரிகையைத் தடவிப் பார்த்து, தெரிந்ததைச் சொன்னேன். கடைக்காரர் என்னிடம் குனிந்து, "ஐயா வெளியவே நின்னுக்கினு இருக்காரு, உள்ள வரச் சொல்லுங்கம்மா," என்றார். நான் எப்படிச் சொல்வது? அவர் கடைசிவரை வெளியிலேயே நின்றார். காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "தேங்க்ஸுங்க மேடம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். துணிப்பைக்குள்ளிருந்த பட்டைகளை நான் எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த வெர்னியரை அவரும் எடுக்கவில்லை.

முந்திக்குக் குஞ்சம் கட்டி அனுப்ப வேண்டியிருந்ததால் அந்த அம்மா என் முகவரியையும் டெலிபோன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். அவர்கள் வந்த வேன் திரும்பித் தேரடிப் பக்கம் மறைந்தது. நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். பையில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

அதன் பிறகு அவர் எழுதவில்லை. கல்யாண வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அந்த அம்மாவின் கையெழுத்து. நான் போகவில்லை, வாழ்த்துத் தந்தி மட்டும் கொடுத்தேன். கல்யாணம் முடிந்தும் கடிதம் வரவில்லை. மாலையில் வந்து கம்ப்யூட்டரைப் போடுவேன். கரகரச் சத்தம் வரும், இணைப்புக் கிடைக்கும், எதுவும் இருக்காது. அப்பா போனபோது கூட அந்த வீடு இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. பக்கங்களைத் திருத்திக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒரு வரியை மாற்றினால் மாற்றினேன் என்று சொல்ல ஆள் இல்லை. அப்பா கேட்ட கேள்வியை நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டெலிபோன் வந்தது. அந்த அம்மா. குஞ்சம் நன்றாக இருந்தது, எல்லோரும் கேட்டார்கள் என்று கொஞ்ச நேரம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவரு அந்தப் பொட்டிகள எடுத்து வெக்கறதும் மூடறதுமா இருக்காருங்க. உங்களுக்கு எழுதச் சொன்னா எழுத மாட்டீங்கறாரு. மில்லுல நிறுத்துனப்ப அழுததயெல்லாம் எழுதீட்டனே, ஒரு பொம்பளகிட்டப் போயி சொல்லீட்டனேன்னு சங்கடப்படறாருங்க."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எங்கிட்டயே அவரு அதச் சொன்னதில்லீங்க," என்றார் அந்த அம்மா. "நீங்களே ஒரு வரி எழுதுங்க. அந்த இரும்பப் பத்தியே எழுதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

மறுநாள் ஆபீஸில் சொல்லி, தெரிந்த பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவரிடம் ஒரு வெர்னியர் இரவல் வாங்கினேன். அதைப் பிடிக்கவே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு அளந்தேன். ஒருமுறை பன்னிரண்டரை வந்தது, மறுமுறை கூட வந்தது, இன்னொரு முறை குறைந்தது. அளவுகளை அப்படியே எழுதி, மெட்ரிக் என்றுதான் நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அனுப்பினேன். மற்றதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கு அளப்பது தவறு, கை நடுக்கமே வித்தியாசத்தைக் காட்டிவிடும் என்று எழுதியிருந்தார். இருப்பதிலேயே நீளமான பட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் துளையின் இடது ஓரத்திலிருந்து கடைசித் துளையின் இடது ஓரம்வரை அளக்க வேண்டும். வகுக்கும்போது துளைகளை அல்ல, இடைவெளிகளை எண்ண வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு வெர்னியர் எட்டாது, நல்ல எஃகு ஸ்கேல் ஒன்று வாங்கிக்கொள்ளவும். இவ்வளவுதான் கடிதம்.

வாங்கினேன். ஜன்னலோரம் தரையில் பட்டையை வைத்து, அவர் சொன்னபடியே அளந்து வகுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி, அரை அங்குலம். பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு, திருத்தியதை அவருக்கும் தெரிவித்தேன்.

பழையபடி வாரத்துக்கு ஒன்று என்று பிறகு எப்போதும் வரவில்லை. மாதத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு மாதம் ஆகும். அவற்றில் பட்டையும் தகடும் நிறமும் மட்டும்தான் இருக்கும். தன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அவர் கடிதம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டும், அதைத் திறக்காமல் எழுந்து போய்க் காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் நிதானமாக உட்காருவேன்.