பெரிய பாதி

டீயக்காவுக்குப் பொறாமை என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னவனுக்கு அன்றைக்கு டீ கிடைக்காது. பஸ் டிப்போவின் பின்வாசலை ஒட்டிய கேன்டீனில் அடுப்பு அவள் வசம் இருந்தது. அவள் இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்டுத்தான் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனரைக் கீழே வைப்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறந்திருப்பாள். டிரைவர், கண்டக்டர், கிளீனர் எல்லாருக்கும் அவள் டீயக்காதான். டயர் செக்‌ஷனில் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரரே, டீ வேண்டுமென்றால் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அந்த அடுப்படிக்குள் சின்னவள் வந்தாள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பானேன், கூடமாட இருக்கட்டும் என்று டீயக்காவேதான் கூட்டிவந்தாள். அந்த நேரத்தில் வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். ஏனென்றால் சின்னவளோடு ஒரு கண்ணாடி ஜாடியும் வந்தது. வாயில் துணி கட்டியிருந்தது. உள்ளே கலங்கல் தண்ணீர், அடியில் வெள்ளை வண்டல்.

"என்னம்மா இது, ஏதோ கெட்டுப்போய்க் கிடக்கு?"

"கெட்டுப்போகலக்கா, உயிரோட இருக்கு. இஞ்சி பீர் செய்யறதுக்கு."

"பீரா!"

டீயக்கா போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நாலு தலை எட்டிப் பார்த்தது. அவளே ஊரைக் கூட்டினமாதிரி ஆகிவிட்டது.

கோடைக்காலம். தகரக் கூரைக்குக் கீழே ஆட்களே வெந்துகொண்டிருந்தார்கள். ஜாடித் தண்ணீரில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து இரண்டு நாள் அடைத்துவைத்திருந்த பாட்டிலைச் சின்னவள் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று சீறிக்கொண்டு நுரை கழுத்துவரை ஏறி, போனால் போகிறது என்று அடங்கியது. முதல் தம்ளரை ஃபோர்மன் வாங்கினார். அவருக்கு மீசைக்காரர் என்று பெயர். எதையும் பாராட்டிப் பழக்கமில்லாத மனுஷன். குடித்துமுடித்து, மீசையில் ஒட்டிய நுரையைக்கூடத் துடைக்காமல் தம்ளரை நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்தும்மா."

டீயக்காவிடம் இத்தனை வருஷத்தில் அவர் இன்னொன்று கேட்டதே இல்லை. அவளுக்கு வயிற்றில் ஒரு கங்கு விழுந்தது. குறை கண்டுபிடிப்பதற்கென்றே அவளும் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தாள். முதலில் இனிப்பு, அதைத் துரத்திக்கொண்டு எலுமிச்சையின் புளிப்பு. விழுங்கின பிறகுதான் இஞ்சி தொண்டையைப் பிடித்தது, மூக்கு வழியாகச் சுள்ளென்று ஏறிக் கண்ணை நனைத்தது. நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

"இனிப்பு கொஞ்சம் தூக்கல்," என்றாள்.

"இதுக்கு ஏம்மா பீர்னு பேரு?" என்று மீசைக்காரர் ஆரம்பித்தார். "போதை கீதை ஏறுமா?"

"ரொம்ப நாள் வச்சா லேசா ஏறுமாம் சார். நாமதான் ரெண்டு நாள்ல குடிச்சுடறோமே. இது கடலுக்கு அந்தப் பக்கம் குளிர் நாட்டுல செஞ்சது. அவங்க மண்ணுல இஞ்சியும் விளையாது, கரும்பும் விளையாது. ரெண்டும் கப்பல்ல வரணும். வந்ததை ஊறவச்சு, மண் பாட்டில்ல அடைச்சு, தெருத்தெருவா வித்தாங்களாம். இந்த வண்டல் இருக்கே, இதுதான் தாய். தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டா வளரும். வாரத்துக்கு ஒருதரம் ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியை வச்சுக்கிட்டு இன்னொரு பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பாங்களாம். அப்படியே வீடு வீடா கைமாறும். கப்பல்ல சமைச்ச ஒருத்தர் எங்கம்மாவுக்குக் கொடுத்தாரு, அம்மா எனக்குக் கொடுத்தாங்க."

வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். டீயக்கா உலக்கையைத் தூக்கி உரலில் ஓங்கிப் போட்டாள்.

"இத்தனை வருஷமா நானும்தான் இஞ்சி இடிக்கறேன். இது எங்க பொறந்துச்சு, எதுல வந்துச்சுன்னு என்னை ஒருத்தராவது கேட்டிருப்பீங்களா?"

"உன்னைக் கேள்வி கேட்டுட்டு யாரு டீ வாங்கறது?" என்றார் வீட்டுக்காரர். சிரிப்பு கூரையைத் தூக்கியது.

அந்த வாரக் கடைசியில் சின்னவள் வண்டலை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு முதலில் டீயக்காவிடம்தான் வந்தாள்.

"உன் சேறு எனக்கெதுக்கு? கொண்டுபோய்க் கொட்டு."

சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கிற வழக்கம் டீயக்காவின் வம்சத்திலேயே கிடையாது. மற்றவர்களோ குடிக்கத்தான் தயாராக இருந்தார்கள், தினமும் தீனி போட்டு வளர்க்க ஒருத்தருக்கும் பொறுமையில்லை. ஆகவே சின்னவள் கிண்ணத்தோடு சாக்கடைப் பக்கம் நடந்தாள். அவள் முதுகைப் பார்த்ததும் டீயக்காவுக்கு என்னவோ செய்தது.

"கொடு இப்படி, நானே கொட்டறேன். கிண்ணத்தையும் கழுவி வைக்கறேன்."

கொட்டவில்லை. தலைக்கு மேலே மச்சுப் பலகையில், டீத்தூள் டின்னுக்குப் பின்னால், இன்னொரு ஜாடி முளைத்தது. கொட்டப் போனதைத்தானே எடுத்தோம், இது எப்படித் திருட்டாகும் என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். யாரும் இல்லாத சமயம் பார்த்து ஸ்டூலில் ஏறித் தீனி போட்டாள். சின்னவள் துருவித்தான் போடுவாள். இவள் தோலோடு உரலில் நசுக்கிப் போட்டாள். ஜாடி அதற்கே காத்திருந்ததுபோலக் குமிழ் குமிழாகப் பொங்கியது. காதை வைத்துக் கேட்டால் சின்னதாக ஒரு சீற்றம். அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். ஒரு நாள் வரும், சின்னவளைவிட நல்லதாக ஒன்றைச் செய்து எல்லார் மூக்கையும் உடைக்கலாம் என்று கணக்கு. அதற்குப் பிறகு வாராவாரம் கிண்ணம் கழுவுகிற வேலை அவளுடையதாகிவிட்டது.

மீசைக்காரர் ஓய்வுபெறும் நாள் வந்தது. டிப்போவில் விருந்து. எல்லாருக்கும் இஞ்சி பீர் வேண்டும் என்று மீசைக்காரரே வாயைத் திறந்து சொல்லிவிட்டார். டீயைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சின்னவளின் அம்மா வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

"அக்கா, நான் போயிட்டு வந்துடறேன். ஜாடியை உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

"போம்மா, அம்மாவைப் பாரு முதல்ல. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்ட விதம்தான் அப்படி. மச்சில் இருந்ததற்கு இளசான இஞ்சி. கீழே இருந்ததற்கு, டீ வடிகட்டியில் மிஞ்சின சக்கை. அதுவும் இஞ்சிதானே, சின்னவளுடையதற்கு இது போதாதா என்று, கூட்ட நேரத்தில் ஆறவைக்கக்கூட நில்லாமல், அடுப்புச் சூட்டோடு தட்டிவிட்டாள். தினமும் அதே கதை. சின்னவள் திரும்புகிற அன்று காலையில் ஜாடியைத் தூக்கிப் பார்த்தால், குமிழ் இல்லை, சீற்றம் இல்லை. வெந்த வாடைதான் வந்தது. ஆட்டிப் பார்த்தாள், சர்க்கரை போட்டுக் கெஞ்சிப் பார்த்தாள். செத்ததுதான்.

வேண்டுமென்று செய்தாளா என்று கேட்டால் இல்லை என்பாள். தெரியாமல் செய்தாளா என்றால் அதற்குப் பதில் சொல்லமாட்டாள். விருந்தில் சின்னவள் வெறுங்கையோடு நிற்பாள், எல்லாரும் டீயக்காவைத் தேடி வருவார்கள். ஆசைப்பட்டது அதற்குத்தானே? ஆனால் "உங்களை நம்பித்தான்" என்ற சொல் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. மளமளவென்று ஜாடியைக் கழுவினாள், ஸ்டூலில் ஏறினாள், தன்னுடையதில் பாதியைக் கவிழ்த்துத் துணியைக் கட்டினாள். காதும் காதும் வைத்தமாதிரி முடிந்தது.

சின்னவள் வந்து, பொங்கிக்கொண்டிருந்த ஜாடியைப் பார்த்தாள். டீயக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பார்த்துக்கிட்டீங்கக்கா" என்றாள். டீயக்கா கையை உருவிக்கொண்டாள்.

விருந்தன்று மீசைக்காரர் முதல் வாய் குடித்தார், நிறுத்தினார், மறுபடி குடித்தார்.

"ஏம்மா, எத்தனையோ தடவை குடிச்சிருக்கேன். இன்னைக்கு மாதிரி இருந்ததே இல்ல. காரம் என்னமா நிக்குது! என்ன பண்ணின?"

"எப்பவும் போலத்தான் சார்," என்றாள் சின்னவள், தலையைக் குனிந்துகொண்டு.

ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். கொழுந்தன் பெண்டாட்டியைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். டீயக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தட்டு அடுக்கினாள். டிரைவர் ஒருத்தன், "உன் கைக்கு இந்த டிப்போவுல ஜோடியே கிடையாது தங்கச்சி" என்றான். அவ்வளவுதான், தட்டு தடாலென்று விழுந்தது.

"அது அவ கை இல்ல! என் கை! என் ஜாடி! தோலோட இடிச்சுப் போட்டு வளர்த்தது நானு!"

எல்லாரும் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார்கள்.

"அப்ப சின்னவளோட ஜாடி?" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக.

தப்பிக்கிற வழியெல்லாம் அடைபட்டுப்போனது. "செத்துப்போச்சு. டீச் சக்கையைச் சூட்டோட போட்டேன்."

"வீட்டுல எனக்கும் மிச்சம் மீதிதான் கிடைக்குது. நான் கெட்டியான உயிரு, தாங்கிக்கிட்டேன்," என்றார் அவர். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாரும் சின்னவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் கீழே விழுந்த தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "மச்சுல ஒண்ணு இருக்கறது எனக்குத் தெரியும்க்கா. நீங்க இஞ்சி இடிக்கறதை நிறுத்தினா அது சீறுற சத்தம் எனக்குக் கேக்காதா? நீங்க வாய் விட்டுக் கேக்கமாட்டீங்கன்னுதான், ஒவ்வொரு வாரமும் கிண்ணத்துல பெரிய பாதியா விட்டேன்."

டீயக்காவுக்குக் காது மடல்வரை சுட்டது. வெட்கம் ஒரு பக்கம். அதற்கும் மேலே அந்தப் பழைய கங்கு. நல்லவளாக இருப்பதிலும் இவள் முந்திக்கொண்டாளே! சக்கை போட்டவள் ஒருத்தி, பெரிய பாதி விட்டவள் ஒருத்தி. இதை இனி எந்த டீயைப் போட்டு ஈடுகட்டுவது?

மீசைக்காரர்தான் தொண்டையைக் கனைத்தார். "நாளையிலேர்ந்து நான் வீட்டுல சும்மா இருக்கப் போறவன். தினமும் தீனி போட எனக்குப் பொழுது இருக்கு. யாராவது ஒரு பாதி கொடுங்களேன்."

சின்னவள் எழுந்திருப்பதற்குள் டீயக்கா ஸ்டூலில் ஏறிவிட்டாள். ஜாடியை இறக்கி, ஒரு பாட்டிலில் புனல் வைத்து ஊற்றினாள். பாதி வந்தது, நிறுத்தவில்லை. முக்கால் வந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. அடியில் ஒரு விரல் கனம் மட்டும் மிஞ்சியபோதுதான் ஜாடியை நிமிர்த்தி, சின்னவளின் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"பார்த்துக்கோ. எது பெரிய பாதின்னு."

பிறகு உரலருகே உட்கார்ந்து, இருப்பதிலேயே இளசான இஞ்சியாகப் பொறுக்கி, இடிக்க ஆரம்பித்தாள்.