பைபாஸ் ஓரத்தில் ஒரு தூக்குப்போசி

லாரி ஓட்டிய காலமெல்லாம் தங்கசாமிக்கு ஒரு விதி இருந்தது. ஏற்றிய லோடை இறக்கும்வரை வீட்டுப் படியை மிதிக்கமாட்டார். டெல்லியிலிருந்து மதுரைக்குச் சரக்கு ஏற்றி வந்தால் நாமக்கல்லுக்கு முன்னால் புதுச்சத்திரம் பக்கத்துச் சாலைப் பிரிவைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஆனாலும் வரமாட்டார். கோகிலவாணிதான் தூக்குப்போசியில் புளிச்சோறும் ஒயர் கூடையில் துவைத்த துணியுமாகப் போய் பைபாஸ் ஓரத்தில் நிற்பாள். லாரி வந்து ஓரங்கட்டும். சோறும் துணியும் மேலே ஏறும், அழுக்கு மூட்டை கீழே இறங்கும்.

“ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போனா ஆகாதுங்களா?” என்று கல்யாணமான புதிதில் கேட்டுப் பார்த்தாள்.

“படியேறினா அப்பறம் கால் நவுராது புள்ள,” என்று சொல்லிக் கியரைப் போட்டார்.

குடித்தனத்தில் முக்கால்வாசி ரோட்டோரத்தில்தான் நடந்தது. மீதி போனில். ஜான்சி தாண்டிட்டேன், நாக்பூர்ல நிக்கறேன் என்று ஊர் ஊராகச் சொல்வார். கடைசியில் ‘லோடு எறக்கியாச்சு’ என்று ஒரு போன் வரும். அது வந்தால்தான் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்கும். “அந்த ஊரெல்லாம் எப்படிங்க இருக்கும்?” என்று ஒருமுறை கேட்டாள். “எப்படி இருக்கும்? ரோடு மாதிரித்தான் இருக்கும்,” என்றார். கேட்டவளுக்கு வேண்டியதுதான்.

முழங்கால் தேய்ந்துபோய் தங்கசாமி ஸ்டியரிங்கை விட்டு வீட்டோடு உட்கார்ந்த வருஷம் கோகிலவாணிக்குச் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போக சைக்கிள் மிதித்தே பழகியவளுக்கு நடப்பதில் பொறுமை இல்லை. ராசிபுரம் வரை மிதித்தாள். பிறகு குமாரபாளையம் பாலம் தாண்டி பவானி வரை. மகன் தீனதயாளன் ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான், ஒரு மாசத்தில் சுவரில் சாய்ந்துவிடும் என்று நினைத்துத்தான். சாயவில்லை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் தனியாகப் போகிறேன் என்று ஒரு நாள் சாவகாசமாகச் சொன்னாள், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதைப் போல.

“ரோட்டுல கெடந்து நாறுனது நா ஒருத்தன் பத்தாதா?” என்றார் தங்கசாமி. அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. சேலம் ஸ்டேஷனுக்கு வழியனுப்பவும் வரவில்லை.

அது அவளுக்கு வலித்தது. காஷ்மீரத்துக் குளிரைவிட, ஏற்றத்தில் இற்றுப்போன தொடையைவிட அதுதான் வலித்தது. தினமும் வீட்டுக்குப் போன் செய்தாள். “அப்பா பக்கத்துல இல்லீங்கம்மா,” என்பான் மகன். பின்னால் அவர் இருமுவது காதில் விழும்.

வழியெல்லாம் நாமக்கல் லாரிகள். டிரைவர்கள் ஓரங்கட்டி, “கோகிலாக்கா, சைக்கிளத் தூக்கி மேல போடுங்க, நாக்பூர்ல எறக்கி உடறோம்,” என்று கூப்பிட்டார்கள். பேர் எப்படித் தெரியும் என்று அவள் யோசிக்கவில்லை, மகன் வாட்ஸ்அப்பில் போட்டிருப்பான் என்று விட்டுவிட்டாள். ஒருவரிடமும் ஏறவில்லை. நாக்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு டாபாவில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதுகூட ஏறவில்லை. ஒரு டிரைவர் மாத்திரையும் ரசஞ்சோறும் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் அதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. சேலம் தாண்டியது. புதுச்சத்திரம் வந்ததும் தூரத்திலேயே தப்பட்டைச் சத்தம் கேட்டது. பிரிவில் ஊரே திரண்டு நின்றது. ‘சாதனை முடித்துத் திரும்பும் எங்கள் தாயே வருக’ என்று ஆளுயர பிளெக்ஸ். ஆரத்தித் தட்டோடு நாத்தனார் குப்பாயி.

“இன்னும் முடியலீங்க அண்ணி,” என்றாள் கோகிலவாணி, சைக்கிளை விட்டு இறங்காமல். “கன்னியாகுமரி போகோணும்.”

“கன்னியாகுமரி என்ன பெரிய தூரமா? நம்ம சனமே வேன்ல போயிட்டு மறுநாள் வந்துருது. காஷ்மீரத்துல இருந்து ஊடு வந்து சேந்துட்ட. எறங்கு சாமி!”

லாரிக்கார ஊரில் அப்படித்தான். ஊர் வந்தால் டிரிப் முடிந்தது. தீனதயாளன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். “ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்கம்மா. முட்டி வீங்கிக் கெடக்குது பாருங்க. அப்பறம் போலாம்.”

பிள்ளை பாசத்தில்தான் சொன்னான். ஆனால் அவளுக்குத் தெரியும். படியேறினால் முதலில் ஒரு காப்பி. பிறகு ஒரு தூக்கம். விடிந்தால் அடுப்பு கூப்பிடும், மாடு கூப்பிடும், முட்டி வேறு நன்றாக வலிக்கத் தொடங்கும். இந்த ஜென்மத்தில் கன்னியாகுமரி அவ்வளவுதான். அதற்காகப் பெற்ற பிள்ளையின் கையைத் தட்டிவிடவும் மனசு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. இத்தனை தூரம் மிதித்து வந்தவள் வீட்டுக்கு எதிரில் தோற்கப்போகிறாள்.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் டிவிஎஸ் மொபெட் ஒன்று வந்து நின்றது. தங்கசாமி காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். போச்சு, இவரும் மறிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தாள்.

“என்றா பண்றீங்க அல்லாரும்?” என்று அதட்டினார். “லோடு வண்டிய எதுக்குடா மறிக்கறீங்க? எறங்கவேண்டிய எடத்துல எறங்கும். வழிய உடுங்க.”

தீனதயாளன் கையை எடுத்தான். தப்பட்டை நின்றது. அவர் கையில் தூக்குப்போசி இருந்தது. மறு கையில் அதே ஒயர் கூடை, உள்ளே துவைத்து மடித்த துணி. தாமே சைக்கிளின் பின்பக்கப் பையைத் திறந்து அவற்றை வைத்துக் கட்டினார்.

“அழுக்குத் துணி எங்க?”

எடுத்துக் கொடுத்தாள். மூட்டையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“நாக்பூர்ல காச்சல்னு சொன்னானுங்களே, இப்பத் தேவலையா?”

கோகிலவாணிக்கு இப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு டிரைவருக்கும் போன் போட்டுக் கேட்டபடி காஷ்மீரிலிருந்து கூடவே வந்திருக்கிறார் மனுஷன், பேசாமல்.

“தேவலைங்க,” என்றாள்.

“கெளம்பு. வெயில் ஏறுது.”

நாமக்கல் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு வேப்பமர நிழலில் போசியைத் திறந்தாள். டிரைவர்கள் ரோட்டோரம் ஸ்டவ்வில் கிண்டுகிற தக்காளிச் சோறு. உப்பு தூக்கல். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள், அழுதுகொண்டே.

அப்புறம் கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி. முட்டி சொன்னதைக் கேட்காமல் மிதித்தாள். கன்னியாகுமரியில் ரோடு முடிந்த இடத்தில் கடல் இருந்தது. சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, மகன் நம்பருக்கு அல்ல, தங்கசாமி நம்பருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“லோடு எறக்கியாச்சுங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல்தான் கேட்டது. பிறகு, “ரிட்டன் லோடு ஏதாச்சும் கெடச்சுதா?” என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. “இல்லீங்க. காலி வண்டிதான்.”

“அப்ப அங்கயே ஹால்ட் போடு. நா பஸ் ஏறி வாரேன்.”

“முழங்கால வெச்சுக்கிட்டு எதுக்குங்க? நானே ரயில்ல வந்துர்றேன்.”

“இல்ல புள்ள.” குரல் இறங்கியது. “அந்தப் பக்கம் எத்தன லோடு எறக்கியிருப்பேன். குடோனப் பாத்துட்டுத் திரும்பிருவேன். ஒருக்காக்கூட கடலப் பாத்ததில்ல. நீ நில்லு, எனக்குக் காட்டு.”

“நிக்கறேங்க,” என்றாள் கோகிலவாணி.

போனை வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பக்கத்தில் பனங்கிழங்கு விற்றவளிடம் கேட்டாள்.