எச்சில் தொட்டுப் புரட்டிய பக்கம்

ஜெயங்கொண்டம் பக்கத்தில், வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைத்துக் கொடுப்பவள் நான். சோழர் காலத்துக் கொலையைப் பற்றிய தடித்த நாவல் ஒன்றை நூலகத்தில் எடுத்து வந்தேன். முதல் பக்கத்திலேயே அமைச்சர் செத்துப்போகிறார். துப்பறிய வந்த ஒற்றனோ நாற்பது பக்கம் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறான். அடுத்த நாற்பது பக்கம் ஏரியை வர்ணிக்கிறான். ஏரியைப் பார்க்க எனக்கு ஒற்றன் வேண்டுமா? அமைச்சரின் மைத்துனன்தான் கொலைகாரன் என்று இருபதாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மேதாவிக்கு முந்நூறு பக்கம் கழித்துத்தான் சந்தேகமே வருகிறது!

ஆனால் முந்நூறாம் பக்கம் தாண்டி அவன் ஒரு சுரங்கத்துக்குள் இறங்கியதும், உண்மையைச் சொன்னால், கதை என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று கொட்டை உடைப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினேன். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்று ஊருக்கே பாடம் சொல்பவள் நான்!

சற்று நேரத்தில் வாய் எரிந்தது. நாத்தனார் செல்வி பதறிப்போனாள்.

"என்ன அண்ணி, ஒதடெல்லாம் கொப்பளமா இருக்கு! கண்ணத் தொட்டீங்களா?"

நல்லவேளை, தொடவில்லை. தொட்டிருந்தால் பார்வைக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

"அப்படி என்ன கதைங்க அது?" என்றும் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை.

ஒரு வாரம் வெறும் கஞ்சி. கொலைகாரன் மைத்துனனேதான்.

இப்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எந்தப் புத்தகத்தையும் தொடுவதில்லை. அந்த ஆசிரியர் இன்னொரு நாவல் எழுதினால் மட்டும், முந்நூறாம் பக்கம் வந்ததும் கழுவிக்கொள்வேன். அதுவரை எச்சில் தொட்டுப் புரட்டும் அவசரம் வராது.