மீன் எண்ணெய் பூசிய வண்டி

அந்த மோட்டார் சைக்கிளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் அலுத்துப்போகிறது. உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழித்துக்கட்டிய வண்டி. பழைய இரும்புக் கடையிலிருந்து அதை நைனா இரண்டு சாக்கு மூட்டைகளாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிறவர். முடிச்சுப் போடத் தெரியும். எஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

ராயபுரத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. ஒன்றரை வருஷம் அதில் வண்டியோடு குடித்தனம் நடத்தினோம். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் செயின் மண்ணெண்ணெயில் ஊறும். நான் படுக்கிற இடத்தில் பெட்ரோல் டாங்க். இன்று மாட்டியதை நாளைக்குக் கழற்றுவார். எல்லாம் முடிந்தது என்று அவர் சொன்ன அன்று ஆறு நட்டு மிச்சம் இருந்தது. அம்மா அவற்றை ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்தாள்.

இத்தனை பாடும் அம்மாவுக்காகத்தான். அவளுக்கு இடது கால் யானைக்கால். மாதா கோயில் விடியற்காலைப் பூசைக்குத் தவிர அவள் வாசல் தாண்டி வருஷக்கணக்காயிற்று. எண்ணூரில் சித்திக்கு வெகுகாலம் கழித்துப் பிள்ளை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி அக்காதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று சொல்லியனுப்பிவிட்டாள். அம்மாவுக்குப் போக ஆசை. பஸ்ஸில் ஏறமட்டும் மாட்டேன் என்றாள். அதனால் நைனா வண்டியின் பக்கத்தில் படகுப் பலகையால் ஒரு பெட்டி அடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பலகையை அவ்வளவு உயரமாக வைத்ததில், உள்ளே உட்கார்ந்தால் அம்மாவின் தலை மட்டும்தான் தெரிந்தது. சவப்பெட்டி மாதிரி இருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

உப்புக் காற்றில் துருப்பிடிக்குமே என்று, படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயைப் பெட்டியோடு எஞ்சினுக்கும் சேர்த்துப் பூசினார். எங்கள் பக்கத்தில் எதைக் காப்பாற்றுவதென்றாலும் மீன் எண்ணெய்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். நான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நைனாவின் பின்னால். டோல்கேட் வருவதற்குள் எஞ்சின் சூடாகி எண்ணெய் புகைந்தது. ஐயோ, அந்த நாற்றம்! காக்காய்கள் தலைக்குமேல் சுற்றின. நாய்கள் கூடவே ஓடிவந்தன. சரியாக நாற்சந்தியில் வண்டி படுத்துவிட்டது.

"இன்னா மாமு, வண்டி ஓட்றியா, கருவாடு சுட்றியா?" என்றான் ஒரு ரிக்‌ஷாக்காரன். கூட்டம் சிரித்தது. நைனா உதைத்து உதைத்துப் பார்த்தார். அப்புறம் தள்ளினார். நகரவில்லை. ரிக்‌ஷாக்காரனே மனம் இளகி, "யக்கா, நீ கொஞ்சம் எறங்கிக்கோ. நாங்க தள்ளிக் குடுக்குறோம்," என்றான்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாணாம்பா, அவ குந்திகினு இருக்கட்டும்," என்றார் நைனா. அவருக்கு மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு அம்மாமேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"எங்கம்மா நல்லா நடக்கும். காலுதான் பெர்சா வீங்கிக் கீது, வேற ஒண்ணும் இல்ல," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

சிரிப்பு நின்றது. எல்லாரும் அந்தப் பலகையையே பார்த்தார்கள்.  அம்மா பலகையைப் பிடித்துக்கொண்டு முதலில் நல்ல காலையும் அப்புறம் மற்றதையும் வெளியே எடுத்துவைத்து இறங்கினாள். "வூட்டுக்குப் போலாம்," என்றாள். டோல்கேட்டிலிருந்து ராயபுரம் வரைக்கும் பட்டப்பகலில், கடைகடையாக எட்டிப் பார்த்தவர்களுக்கு நடுவே நடந்தே வந்தாள்.

மத்தியானங்களில் அந்தக் காலின்மேல் தலைவைத்துத்தான் நான் தூங்குவேன். தலையணையைவிட மெத்தென்று இருக்கும். அதைப் போய் ஒருவர் ஒளித்துவைப்பார் என்று எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? வண்டி லேசாகிவிட்டதே, நைனாவுக்கு நான் உதவி செய்துவிட்டேனே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. வழிநெடுக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசாதது ஏன் என்றுதான் புரியவில்லை.