ஜமீலா அடியில் எழுதிய மூன்று வரி

ஜமீலுன்னிசா எந்தப் பூட்டைப் பூட்டினாலும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். சாப்பாட்டு டப்பாவைக்கூட மூடிவிட்டு ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் பைக்குள் வைப்பார். அலுவலகத்தில் எல்லோரும் கேலி செய்வோம், நான் கொஞ்சம் அதிகமாகவே செய்வேன்.

"குழம்பு கொட்டினா பை ஒண்ணுதான் பாழாகும். விடுங்க மேடம்" என்பேன்.

"கொட்டினப்புறம் பாக்கறதை முன்னாடியே பாத்துடறேன் சார். எனக்கு அதுதானே சம்பளம்" என்பார்.

உண்மையிலேயே அவருக்கு அதுதான் சம்பளம். எங்களுடையது ரத்தப் பரிசோதனை செய்கிற கம்பெனி. தலைமை அலுவலகம் தி. நகரில். மயிலாப்பூர், அடையாறு, திருவான்மியூர் என்று பத்தொன்பது கிளைகள். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் எனக்குச் சம்பளம் வருகிறது. நான் ஸ்ரீனிவாசராகவன், பர்ச்சேஸ் ஆபீசர். ஊசியிலிருந்து ஏ.சி. வரை எது வாங்கினாலும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த மேஜையைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஜமீலா திருவல்லிக்கேணியில் பிறந்து, அங்கேயே இரண்டு சந்து தள்ளி வாழ்க்கைப்பட்டவர். கணவர் அப்துல் கய்யூம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இரண்டு பெண்கள். பதினாறு வருடத்துக்கு முன்னால் நோயாளிகளின் பெயர், வயது அடிக்கிற டைப்பிஸ்டாகத்தான் எங்களிடம் சேர்ந்தார். ஒருநாள் அடையாறு கிளையின் கம்ப்யூட்டர் எல்லாம் வைரஸ் வந்து முடங்கியது. வெளியிலிருந்து வந்த ஆட்கள் கையை விரித்தார்கள். இவர் மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் பாதுகாப்பு இவர் தலையில் விழுந்தது. பதவிப் பெயரை மாற்றினார்கள், சம்பளத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படித்து அந்தத் துறையில் மூன்று பரீட்சை பாஸ் பண்ணினார். அதற்கு நாங்கள் ஆளுக்கு ஒரு லட்டு சாப்பிட்டோம்.

போன வருடம் எங்கள் எம்.டி. சித்தார்த்தன், பாதுகாப்புக்கு ஒரு நல்ல சாஃப்ட்வேர் வாங்கிவிடச் சொன்னார். பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்கினார்கள். ஒரே ஒரு வரி. ஜமீலா என் மேஜைக்கு வந்தார்.

"சார், ரெண்டு வாங்கணும். ரெண்டும் வேற வேற வேலை."

"என்ன வேற?"

"முதலாவது நம்ம கம்ப்யூட்டர், சர்வர் எல்லாத்தையும் சுத்திப் பாத்து எதுக்கு அப்டேட் போடல, எது பழசாப் போச்சுன்னு சொல்லும். ஜன்னல் கொக்கி துருப்பிடிச்சிருக்கான்னு பாக்கற மாதிரி. ரெண்டாவது, ரிப்போர்ட் காட்டறதுக்கு நம்ம ஆளுங்க எழுதின ஆப்புக்குள்ள போய்ப் பாக்கும். கவுன்டர்ல யாரோ வந்து கேட்டா அடுத்தவங்க ரிப்போர்ட்டைத் தூக்கிக் குடுத்துடறோமான்னு பாக்கற மாதிரி."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்கு என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் என்னிடம் ஒரு படிவம் இருந்தது. ஒப்பீட்டுப் பட்டியல். ஒரு பொருள், மூன்று கொட்டேஷன், பக்கத்தில் மதிப்பெண், கீழே கூட்டல். கூட்டலில் யார் முதலோ அவருக்கு ஆர்டர். இருபத்தேழு வருடமாக இந்தப் படிவத்தில்தான் நான் வாழ்கிறேன். ஃபினாயில் வாங்கியதும் இதில்தான், லிஃப்ட் வாங்கியதும் இதில்தான். எனவே அந்த இரண்டு சாஃப்ட்வேரையும் அதே கட்டத்துக்குள் அடைத்தேன். மூன்றாவது கொட்டேஷனை முதலாவதை விற்கிறவரே தன் நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கிக் கொடுத்தார். இந்த ஊரில் எதையாவது விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்று வாரம் ஜமீலா இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தார். முதலாவது மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு குறை கண்டுபிடித்தது. இரண்டாவது அறுபத்தொன்று. 'கண்டுபிடித்த குறைகள்' என்ற கட்டத்தில் முதலாவதுக்குப் பத்துக்குப் பத்தும், இரண்டாவதுக்கு இரண்டும் போட்டேன்.

"என்ன சார் இது, திருஷ்டிப் பூசணிக்காயை எடை போடற மாதிரி?" என்றார். கோபத்தைச் சிரிப்பாக்கிச் சொல்கிற பழக்கம் அவருக்கு. "ஆயிரம் கொக்கில துருன்னு சொல்றதும், ஒரு சாவி தெருவுல கிடக்குன்னு சொல்றதும் ஒரே கணக்கா? அதுவும் ரெண்டாவதை டாக்டருங்க பாக்கற பக்கத்துல மட்டும்தான் ஓட்ட விட்டாங்க. நோயாளிங்க ரிப்போர்ட் பாக்கற பக்கத்தை அது இன்னும் தொடவே இல்ல."

"அடுத்த வருஷ பட்ஜெட்டுல அதையும் சேத்துக்கலாம் மேடம்."

அவர் பேனாவை எடுத்துப் பட்டியலுக்கு அடியில் மூன்று வரி எழுதினார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். அந்த மூன்று வரி இதுதான்: 'முதல் சாஃப்ட்வேர் நம் ஆப்பின் உள்ளே பார்க்காது. நோயாளியின் ரிப்போர்ட்டை வேறு யாராவது திறக்க முடியுமா என்று சோதிக்க இரண்டாவதும் வேண்டும். அதுவரை ஓடிபி இல்லாமல் எந்த ரிப்போர்ட் லிங்க்கும் திறக்கக் கூடாது.'

பட்டியலில் கையால் எழுதினால் ஆடிட்டர் ஏற்க மாட்டார். இது என் சட்டம். அடித்தல் திருத்தல் இல்லாத காப்பிதான் ஃபைலுக்குப் போகும். அந்த மூன்று வரி இல்லாமல் வேறொன்று பிரின்ட் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. நீங்க எழுதினதை நானே எம்.டி.கிட்ட நேர்ல சொல்லிடறேன்."

"மறக்காம சொல்லிடுவீங்களா சார்?"

"என்ன மேடம் இது, என்னைக்கூட இழுத்துப் பாக்கறேளா?"

சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதினாறு வருடத்தில் அவர் இழுத்துப் பார்க்காமல் விட்ட ஒரே பூட்டு நான்தான்.

சித்தார்த்தன் அறைக்குள் போனபோது அவர் போனில் அடையாறு கிளையின் புதுக் கட்டட வேலையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையெழுத்துப் போட்டு, கையை ஆட்டி என்னைப் போகச் சொன்னார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வெளியே வந்தேன். அந்த நாளை வரவே இல்லை. வேண்டுமென்று விட்டுவிட்டதாகச் சொன்னாலாவது ஒரு கெட்டவனுக்கு உண்டான மரியாதை கிடைக்கும். நான் மறந்தேன், அவ்வளவுதான். முதல் காப்பி மட்டும் என் இழுப்பறையில் இருந்தது. எதையும் கிழித்துப் போடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

நான்கு மாதம் கழித்து அது நடந்தது. திருவான்மியூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே ஒருவர் தன் சர்க்கரை ரிப்போர்ட்டின் லிங்க்கில் கடைசி எண்ணை விளையாட்டாக மாற்றிப் பார்த்திருக்கிறார். அடுத்தவர் ரிப்போர்ட் திறந்துகொண்டது. அந்த அடுத்தவர் அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்த ஸ்நேஹா. இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. கர்ப்பமா என்று பார்க்க எங்களிடம் ரத்தம் கொடுத்திருந்தாள். அந்த ரிப்போர்ட் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சாயங்காலத்துக்குள் எல்லோர் கைக்கும் போய்விட்டது. மறுநாள் வீட்டுக்காரர் அவளைக் காலி பண்ணச் சொன்னார்.

அவள் எங்கள் ரிசப்ஷனுக்கு வந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை, அழவில்லை. "என் ரிப்போர்ட்டை வெளில குடுத்தது யாரு?" என்று வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டாள். வக்கீல் வரும்வரை யாரும் கீழே போய்ப் பேசக் கூடாது என்று சித்தார்த்தன் சொல்லியிருந்தார். நாங்கள் எல்லோரும் மாடியிலேயே நின்றோம். ஜமீலா இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாங்கதாம்மா. எங்க தப்புதான். உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அதன்பின்தான் அந்தப் பெண் அழுதாள்.

மறுநாள் ஜமீலா மேல் விசாரணை. வக்கீல் இல்லாதபோது தப்பை ஒப்புக்கொண்டது ஒரு குற்றம். இன்னொன்று என் ஃபைலிலிருந்து வந்தது. சித்தார்த்தன் பட்டியலைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த சாஃப்ட்வேரை நீங்கதானே செலக்ட் பண்ணீங்க? உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான். ஆனா அது ஆப்புக்குள்ள பாக்காது, லிங்க்குக்கு ஓடிபி வைக்கணும்னு எழுதியும் குடுத்தேன் சார்."

"எங்க எழுதினீங்க? இதுல ஒண்ணும் இல்லையே."

ஜமீலா என்னைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. அடுத்த வார்த்தை நான் பேசுவேன் என்று சாதாரணமாக எதிர்பார்க்கிற பார்வை. என் ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. என் வாயிலிருந்து வந்தது இது:

"ஃபைல்ல பாக்கணும் சார்."

பார்க்கவே இல்லை. யாரும் மறுபடி கேட்கவுமில்லை. ஜமீலா ஒரு தரம் தலையை ஆட்டிவிட்டு, தன் சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பத்து நாளில் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனார். போகிற அன்று தன் இழுப்பறையைப் பூட்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை, நான் அப்புறம் திறந்து பார்த்தேன்.

மூன்று வாரம் அந்தக் காகிதத்தை என் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். வீட்டில் என் மனைவி சூடாமணி கேட்டாள்.

"ஏன்னா, கார்த்தாலேர்ந்து அந்தப் பையைத் தொறந்து தொறந்து பாத்துண்டிருக்கேளே. என்ன இருக்கு அதுல?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. தோசை மாவைக் கலக்கிக்கொண்டே, "அவ ஆத்துக்குப் போயிட்டு வாங்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணிக்குப் போனேன். அப்துல் கய்யூம்தான் கதவைத் திறந்தார். "வாங்க சார், குந்துங்க. தொழுதுக்கினு கீறா, வந்துருவா" என்றார். பாயும் நாற்காலியும் இருந்த முன்னறையில் உட்கார்ந்தேன். ஜமீலா வந்தார். காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தார். தன் கையெழுத்தையே புதிதாகப் பார்ப்பதைப் போல நிதானமாகப் படித்தார்.

"தப்பு பண்ணிட்டேன் மேடம். மன்னிச்சுடுங்கோ."

"இதை எதுக்கு சார் எங்கிட்ட கொண்டு வந்தீங்க? நான் எழுதினது எனக்குத் தெரியாதா?"

எதிரே பாயில் உட்கார்ந்தார்.

"பெருங்குடியில ஒரு கம்பெனியில ரெண்டு ரவுண்டு இன்டர்வியூ முடிஞ்சிருக்கு. பழைய ஆபீசுல விசாரிப்பாங்க. விசாரிச்சா நம்ம ஆபீசுல என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். எனக்கு உங்க மன்னிப்பு வேணாம் சார். இந்த மூணு வரி அந்த ஃபைல்ல இருக்கணும்." காகிதத்தை மடித்து என் கையில் திரும்பக் கொடுத்தார். "டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். குடித்தேன். அந்த டீயை நான் குடித்திருக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சித்தார்த்தன் அறைக்குப் போனேன். இம்முறை அவர் போனில் இல்லை. படித்தார்.

"இதை ஏன் பட்டியல்லேர்ந்து எடுத்தீங்க ராகவன்?"

"படிவத்துல இடமில்ல சார்." அந்தப் பதிலைச் சொல்லும்போது எனக்கே காது கூசியது.

அவர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, "கையால எழுதினதை போர்டு மீட்டிங்ல வைக்க முடியாது. டைப் பண்ணிக் குடுங்க" என்றார்.

என் மேஜைக்கு வந்து அந்த மூன்று வரியையும் அடித்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. அடியில், 'எழுதியவர்: ஜமீலுன்னிசா' என்று போட்டேன். அதற்குக் கீழே, 'நீக்கியவர்: ஸ்ரீனிவாசராகவன்' என்று அடித்துக் கையெழுத்துப் போட்டேன். கையால் எழுதிய காகிதத்தையும் அதோடு சேர்த்து ஃபைலில் குத்தினேன். எனக்கு மெமோ வந்தது. ஜமீலா மேல் தவறில்லை என்று கம்பெனி ஒரு கடிதம் எழுதி அவர் வீட்டுக்கு அனுப்பியது. திரும்ப வேலைக்கு வரச் சொல்லி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஸ்நேஹா எங்கே வீடு பார்த்தாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே ஜமீலாவுக்குப் போன் செய்து, ஃபைலில் சேர்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

"சந்தோஷம் சார்" என்றார். "பெருங்குடிக்காரங்க வெள்ளிக்கிழமையே நம்ம ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டாங்களாம். வேற ஆளை எடுத்துட்டாங்க."

வெள்ளிக்கிழமை அந்தக் காகிதம் என் பையில் இருந்தது.