ஏழுகல் தோடும் இரண்டு காதும்

இருபத்திரண்டு வயதில் என் காதுகள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் பெண்பிள்ளைக்குச் சிறுவயதிலேயே காதைக் குத்தி, கனமான ஈய வளையமான குணுக்கைத் தொங்கவிட்டு மடலை நீளமாக வளர்ப்பார்கள். கல்யாணத்துக்கு அதில் பொன்னாலான பாம்படம் ஏறும். எனக்கும் அம்மா செய்து போட்டாள்.

கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தபிறகு, அடுத்த வீட்டு அம்மாளின் காதில் ஏழுகல் சிவப்புத் தோட்டைப் பார்த்தேன். நடுவில் ஒரு கல், சுற்றி ஆறு. அவள் சும்மா திரும்பினாலே அந்தச் சிவப்பு என் கண்ணை இழுத்துக்கொண்டு போகும். அழகுக்காக மட்டுமே ஆசைப்பட்டேன் என்றால் அது பொய். ஒருநாள் கிணற்றில் நீர் இறைக்கையில் என் பாம்படம் கயிற்றில் மாட்டி, மடல் அறுந்துபோகப் பார்த்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே முடிவெடுத்தேன். இந்தக் காதை வெட்டித் தைத்துத் தோடு போடவேண்டும்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அதிகம் பேசமாட்டார். “வலி தாங்குவியா? அதை மட்டும் ரோசிச்சுக்க” என்றார்.

கல்லைத்தான் முதலில் வாங்கினேன். கல் கையில் இருந்தால் பின்வாங்கமாட்டேன்; என்னை எனக்குத் தெரியும். வண்ணார்பேட்டையில் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் வந்து தங்கியிருந்தார். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போய்வருகிறவர். நானும் வீட்டுக்காரருமாகப் போனோம்.

“கல்லு யாருக்கு, தங்கச்சி?”

“எனக்குத்தான்.”

அவர் என் காதைப் பார்த்தார். “இந்தக் காதுல தோடு எங்கன நிக்கும்?”

“காதைத் தைக்கப் போறேன் அண்ணாச்சி. நீங்க கல்லைக் காட்டுங்க.”

இரண்டு பொட்டலங்களைப் பிரித்தார். ஒன்றில் பெரிய கற்கள், மருந்துக்கும் மாசில்லை. மற்றதில் சிறியவை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மயிரிழைபோல் கோடுகள் தெரிந்தன. எனக்குப் பெரியவைதான் பிடித்தன.

“அது சீமையில உலையில காய்ச்சிச் செஞ்ச கல்லு” என்றார். “மண்ணுக்குள்ள கெடந்த கல்லுன்னா கோடு கீடு இருக்கத்தான் செய்யும். ரெண்டையும் காட்டிட்டேன். பொறவு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.”

கோடுள்ளவற்றிலிருந்து பதினான்கு பொறுக்கினேன். முற்பகல் முழுவதும் ஆயிற்று. வெயிலில் பிடித்தபோது இரண்டில் சிவப்போடு ஊதாச் சாயல் ஓடியது. அவற்றைத் திருப்பிக் கொடுத்து வேறு எடுத்தேன்.

பாம்படத்தைக் கழற்றி நகை செய்யும் ஆசாரியிடம் கொடுத்தபோது, “ஒங்க அம்மாகிட்ட கேட்டாச்சா, தாயி?” என்றார்.

“என் காதுல கெடந்தது. நான்தான் தாரேன்.”

அவர் அதை உருக்கித் தோடு செய்தார். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒளி கூட்ட மெல்லிய தகடு வைத்து மூடினார். “உள்ள தண்ணி போச்சுன்னா தகடு கறுத்துரும், கல்லு செத்தாப்ல ஆயிரும். குளிக்கையில கழத்தி வச்சிருங்க” என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு சமயத்தில் ஒரு காதுதான் தைப்பேன் என்றார். முதலில் வலது காது. மரத்துப்போக மருந்து ஏற்றியும் கத்தரியின் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. நாலாம் நாள் தையல் சீழ் வைத்தது. யார் சொன்னார்களோ, அம்மா சேரன்மகாதேவியிலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள்.

“ஏட்டி, கூறுகெட்டவளே! நான் போட்ட பொன்னை உருக்கிட்டியே! காதையும் அறுத்துக்கிட்டு நிக்கியே!” என்று வாசலிலேயே அழுதாள். அழுதுகொண்டே அடுப்பை மூட்டி, வேப்பிலை போட்டு நீர் காய்ச்சினாள். டாக்டரம்மா சொன்னபடி காலையும் மாலையும் புண்ணைக் கழுவியது அவள்தான். பத்து நாள், வைவதையும் நிறுத்தவில்லை, கழுவுவதையும் நிறுத்தவில்லை.

வலது காது ஆறியதும் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கம் குட்டைக் காது, மறுபக்கம் தோள்வரை. தெருவில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“போதும்ட்டி. மத்ததை விட்டுரு. நீ பட்டது காணாதா?” என்றாள் அம்மா.

“ஒத்தைக் காதுல தோடு போட்டுக்கிட்டு எப்படிம்மா இருக்க?”

அடுத்த வாரம் இடது காதுக்குப் போனேன். இந்தமுறை வலி என்னவென்று தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அம்மாதான். டாக்டரம்மா வெளியே நிற்கச் சொன்னதற்கு, “நான் பெத்த காது” என்று சொல்லி நகர மறுத்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்துப் புதிய துளை குத்தித் தோடு போட்டேன். அம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “செவப்பு நல்லாத்தான் இருக்கு” என்றாள். அவ்வளவுதான். தன் பாம்படத்தை அவள் கடைசிவரை கழற்றவில்லை. நானும் கழற்றச் சொன்னதில்லை.

இவ்வளவு பாடுபட்டவள், ஆசாரி சொன்னதை மறந்து அடுத்த மாதமே தோட்டோடு தாமிரபரணியில் முங்கிக் குளித்தேன். நாலாவது நாள் இடதுதோட்டில் ஒரு கல் பழைய ரத்தம்போல் கறுத்தது. ஆசாரி அதைப் பிரித்துத் தகடு மாற்றிக் கொடுத்தார். “குளிக்கையில கழத்தி வச்சிருங்க” என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார். அதுதான் அதிகம் சுட்டது.

அதற்குப் பிறகு ஒருநாளும் நனையவிட்டதில்லை. குளிக்குமுன் கழற்றித் துணியில் முடிந்துவைப்பேன். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்தால் பூந்திக்கொட்டை நுரையில் துணிநுனியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கல்லின் முகத்தை மட்டும் பையத் துடைப்பேன். பின்பக்கத்தைத் தொடமாட்டேன். துடைத்து முடிந்ததும் ஒவ்வொரு கல்லையும் நகத்தால் மெல்லத் தட்டி, ஆடுகிறதா என்று பார்த்தபிறகே காதில் போடுவேன்.